காலைப் பார்த்துப் பேசியவர்

நான் அவரோடு பதினோரு வருஷம் வேலை செய்தேன். அதில் முதல் ஒன்றரை வருஷம் அவருக்கு என் முகம் தெரியாது.

அது எனக்குத் தெரிய வந்தது ஒரு பஸ்ஸில். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலடியில் யாரோ வைத்த மல்லாட்டைக் கடலை மூட்டை என் கால்களை மறைத்திருந்தது. வழியில் ஏறிய அவர் என் இருக்கைக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வணக்கம் சொன்னேன். அவரும் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, "எந்த ஊரும்மா உனக்கு?" என்று கேட்டார். தினமும் காலையில் பார்க்கிற மனுஷன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் இடது காலைத் தரையில் வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அட, நீயா! முட்டி பூட்டு லூசாயிருக்குன்னு நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

செங்கம் ரோட்டில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பட்டறையில் இருந்தோம். இளம்பிள்ளை வாதம் வந்த கால்களுக்கு இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் முட்டியில் ஒரு பூட்டும் வைத்து காலிபர் செய்து மாட்டுகிற இடம். செய்வது அவர். யாருக்கு எந்தக் கால், என்ன அளவு என்று பதிவேட்டில் எழுதுவது நான். என் இடது காலுக்கும் இரண்டு வயதில் வாதம் வந்ததுதான். அதனால் அவர் கையால் செய்த காலிபரை மாட்டிக்கொண்டுதான் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் அவரை அண்ணா என்பேன். அவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது.

வருஷா வருஷம் பட்டறையில் குரூப் போட்டோ எடுப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தவர்களை மட்டும் அவர் சரியாகச் சொல்லுவார். பின்வரிசை அவருக்குக் கூட்டம்.

அவர் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற வரும் ஜனங்கள் அத்தனை பேரும் அவர் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும், அதுவும் வெறுங்காலோடு. அவர் பொழுது சாயும்போதே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை நானும் போயிருந்தேன். நல்ல உடம்புக்காரர் ஒருவர் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார். இவர் எழுந்து போய் அவர் வழியை மறித்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம் உக்காருங்க. வலது கால்ல ஏதோ குத்தியிருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. வலியே கிடையாது."

"வலி இல்லன்னுதான் உக்காரச் சொல்றேன்."

உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினால் குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. சர்க்கரை வியாதிக்காரர். பாதத்தில் உணர்ச்சி இல்லை. எத்தனை தூரமாக அதோடு நடந்து வந்தாரோ. இவர் இடுக்கியால் எடுத்து, கழுவிக் கட்டு போட்டு, ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினார். அந்த மனிதர் அழுதுகொண்டே கும்பிட்டார். ஒரு மாதம் கழித்துப் பழத்தட்டோடு செருப்புப் போட்டுக்கொண்டு வந்தபோது, "யாருங்க நீங்க?" என்றார் இவர்.

தொண்ணூற்று மூன்று வாக்கில் அவர் கார் கட்ட ஆரம்பித்தார். சும்மா கார் இல்லை, இரண்டே பேர் உட்காரும், மேலே கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்.

ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கணுக்காலில் பிடிப்பு என்று பட்டறைக்கு வந்துபோனார். அவர் விட்டுப்போன பத்திரிகை ஒன்றில் அந்தப் படம் இருந்தது. சிவப்புக் கார். ஓட்டுகிறவன் தொட்டியில் படுத்துக் குளிக்கிற மாதிரி தாழ உட்கார்ந்திருந்தான். நாங்கள் எல்லோரும் காரைப் பார்த்தோம். அவர் பக்கத்தைத் திருப்பி, பெடல்கள் எப்படி இருக்கவேண்டும் என்று போட்டிருந்த கோட்டுப் படத்தைப் பார்த்தார். அதில் ஒரு காலும் வரையப்பட்டிருந்தது.

"கால் வெக்கிற எடத்தை எவ்ளோ மரியாதையா பண்ணியிருக்கான் பாரு" என்றார். அந்தப் பத்திரிகையை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

வேலூரில் உடைப்புக்கு வந்த ஒரு பழைய காரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் டெம்போவில் வந்திறங்கின. வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த கொட்டகை காலியாக இருந்தது. சதுரக் குழாய்களை வெல்டிங் வைத்து அதில் ஒரு சட்டம் கட்டினார். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அந்தச் சட்டம் நின்ற மறுநாளே அண்ணி அதில் ஈரப் புடவை காயப்போட்டுவிட்டார். "கொடிக்கம்பி வாங்குற செலவு மிச்சம்" என்றார். அதோடு, "இந்தச் சனியன்ல நான் மட்டும் ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றும் சொன்னார். அண்ணா இருந்தவரை ஏறவும் இல்லை.

கார் கட்டுகிறவர்கள் எதிலிருந்து தொடங்குவார்களோ தெரியாது. இவர் பெடலிலிருந்து தொடங்கினார். மூன்று பெடலையும் வைத்து, அதற்கேற்ற இடத்தில் இருக்கை, அதற்கேற்ற இடத்தில் ஸ்டியரிங் என்று பின்னோக்கி வந்தார். வந்தவர் கிளட்சில் நின்றுவிட்டார்.

கிளட்ச் பெடலைக் காலால் அழுத்தினால் ஒரு கேபிளை இழுக்கும். அது இன்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துவிடும். அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்பது பெடல் தண்டில் கேபிளை எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. தண்டின் அச்சுக்குக் கிட்டே மாட்டினால் லேசாக இருக்கும், ஆனால் நெடுந்தூரம் அழுத்தவேண்டும். தள்ளி மாட்டினால் கொஞ்சம் அழுத்தினால் போதும், ஆனால் கனக்கும். அவர் தண்டில் வரிசையாக ஏழு துளை போட்டார். எது சரி என்று தெரியவில்லை. தானே உட்கார்ந்து அழுத்தினால் தன் காலைப் பார்க்க முடியவில்லை. பட்டறை ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கீழே படுத்துப் பார்த்தார். எல்லோரும் எல்லாத் துளையிலும் அழுத்திவிட்டு "சூப்பரா இருக்குது" என்றார்கள்.

"நல்ல காலா இருந்தா ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்று என்னிடம் வந்து சொன்னார். "எதைக் குடுத்தாலும் அழுத்திடுது. ஞாயித்துக்கிழமை நீ வா."

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுண்ணா."

"ஓட்டச் சொல்லல. அழுத்தச் சொன்னேன்."

இதில் மனம் நோக நிறைய இருந்தது. நான் நோகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

முதலில் என் காலை அளந்தார். பாதத்தில் ஒரு தோல் பட்டையைச் சுற்றி, பழைய பேப்பர்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசை அதில் மாட்டி, பின்னால் பிடித்துக்கொண்டு, "தள்ளு" என்றார். தள்ளினேன். "நாலரை கிலோ" என்றார்.

என் காலைப் பற்றி டாக்டர்கள் வீக் என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பாவம் என்று சொல்லியிருந்தார்கள். ஒருவரும் ஒரு எண் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நாலரை கிலோ என்றேன். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நாலரை என்றால் பூஜ்யம் இல்லை என்று மட்டும் தோன்றியது.

பெடலுக்குப் பதினெட்டு கிலோ வேண்டியிருந்தது. துளை மாற்றி மாற்றிப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தார். அதற்குக் கீழே போனால் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் கியர் கரகரவென்று அலறியது. நாலரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அவர் இரண்டு மாதம் நின்றார். பட்டறையில் நான் நடக்கும்போதெல்லாம் அந்தக் கண்கள் என் இடது காலோடு வந்தன. பிறகு ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்.

"உன் பழைய காலிபர் இருக்கா? கனமா ஒண்ணு இருந்துச்சே."

"பரண்ல கெடக்கும். அதை எதுக்கு? நீங்கதானே எடை ஜாஸ்தின்னு மாத்திக் குடுத்தீங்க."

"நடக்கறதுக்கு ஜாஸ்தி. மேலேர்ந்து கீழே மிதிச்சா அந்த எடை உன் பக்கம் வேலை செய்யும். முட்டிக்குத்தான் பலம் இல்ல. இடுப்புக்கு இருக்கு."

மேலிருந்து கீழே மிதிக்க வேண்டுமென்றால் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உயரத்தில் உட்கார வேண்டும். படத்தில் இருந்தவனோ தரையோடு தரையாகப் படுத்திருந்தான். அவர் இருக்கையை ஒரு அடி உயர்த்தினார். அதனால் ஸ்டியரிங்கை உயர்த்தினார். அதனால் முன்கண்ணாடியை உயர்த்தினார். எல்லாம் முடிந்து பார்த்தபோது குளிக்கிற தொட்டிக்குள் பள்ளிக்கூட நாற்காலியைப் போட்ட மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக அவர் அந்தப் பத்திரிகைப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"படத்துல இருக்கற மாதிரி இல்லையேண்ணா" என்றேன்.

"படத்துல உன் கால் இல்லையே" என்றார்.

பழைய காலிபரோடு இடது கால் பெடலை மிதித்தது. தடுமாறாமல், கடைசி வரைக்கும் போய், தரையிலிருந்து இரண்டு நூல், கால் அங்குல உயரத்தில் நின்றது. கீழே படுத்திருந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஆக்சிலேட்டர் விஷயத்தில் தொல்லை என் வலது காலால் வந்தது. இருபத்தைந்து வருஷமாக இரண்டு காலின் வேலையையும் செய்து பழகிய கால். தொட்டாலே இன்ஜின் கத்தியது. "இதுக்குக் கோவம் ஜாஸ்தி" என்று சொல்லி, பெடல் சட்டென்று இறங்காமல் எதிர்த்து நிற்க ஒரு கெட்டியான ஸ்பிரிங் போட்டார். குதிகாலை ஊன்றிக்கொள்ளத் தரையில் ஒரு கட்டையும் வைத்தார். காலை எடுத்ததும் ஆக்சிலேட்டரைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வருவதும் அதே ஸ்பிரிங்தான்.

அவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கொல்லி நிலம் தாண்டினால் ஏரி. சித்திரை, வைகாசியில் பொட்டுத் தண்ணீர் இருக்காது. காரைத் தள்ளிக்கொண்டு போய் ஏரிக்குள் இறக்கி, நாலைந்து ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஓட்டச் சொல்லவில்லை என்று சொன்னதை இருவருமே மறந்துவிட்டோம். ஆறாவது வாரம், சக்கரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவேண்டும், தனியாகப் போய் வா என்று இறங்கிக்கொண்டார்.

இரண்டாவது கியர் போட்டு ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தேன். பெடல் கீழே போனது. காலை எடுத்தேன். பெடல் வரவில்லை. ஸ்பிரிங்கின் கொக்கி வாய் பிளந்து கழன்றுவிட்டது என்பது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், நான் எதையும் மிதிக்காமலேயே கார் ஏரிக்கரை மதகைப் பார்த்து ஓடுகிறது என்பதுதான். இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அவர் உட்காரும் பக்கத்தில் இருந்தது. எனக்கு எட்டவில்லை.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "கிளட்ச்! கிளட்ச்ச மிதி! எடுக்காதே!"

இடது காலால் கிளட்சை மிதித்தேன். வலது காலால் பிரேக்கை மிதித்தேன். மதகுக் கல்லுக்கு ஒரு ஆள் படுக்கிற தூரத்தில் கார் நின்றது. ஆனால் இன்ஜின் அடங்கவில்லை. அலறிக்கொண்டே இருந்தது. இடது கால் வழுக்கினால் கார் கல்லில்தான் போய் முட்டும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கலாம். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குக் கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே முடியவில்லை. காலிபர் கம்பி பெடலில் பட்டுக் கடகடவென்று ஆடியது. அவர் பாதி ஏரியைத் தாண்டி ஓடி வரவேண்டியிருந்தது. எட்டிக் குதித்துச் சுவிட்சை அணைத்தார்.

அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஏதாவது அடியா என்று கேட்கவில்லை. மூச்சு இரைக்க, "எவ்ளோ நேரம் புடிச்சிருந்தே தெரியுமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தப்பு என்னுது. ஒரே ஸ்பிரிங்க நம்பிப் போட்டேன்" என்றார். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மூன்று பெடலையும் கழற்றிவிட்டார். காரைப் பற்றிப் பேச்சே இல்லை. தினமும் காலையில் என் மேஜை ஓரமாக வந்து இடது காலைப் பார்த்துவிட்டுப் போவார். "ஞாயித்துக்கிழமை வரட்டாண்ணா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றார். அடுத்த வாரமும் கேட்டேன். அடுத்த வாரமும் வேணாம்.

அந்த இரண்டு வாரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. நான் எதையும் அத்தனை ஆசையாகக் கேட்டு வாங்கியவள் இல்லை. பஸ்ஸில் இடம் கொடுப்பார்கள், வரிசையில் முன்னால் விடுவார்கள். கொடுத்ததை வாங்கிப் பழக்கம். இது மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. பயந்து செத்த அந்த ஏரியிலேயே வேண்டியிருந்தது. அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"வாயால கேட்டா அந்த மனுஷன் காதுல ஏறாது" என்றார் அண்ணி. "நேரா போய் அதுல உக்காரு. ரெண்டு வாரமா கொட்டாய்க்கே போகாம அடுப்படியில என் கூடவே நிக்கிறாரு. எனக்கு வேலை ஓடல."

பெடல் இல்லாத காரில் ஏறி உட்கார்ந்து, வெறும் தகரத்தில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டேன். அண்ணா கொல்லைப் பக்கம் வந்தார். பார்த்தார். உள்ளே போய்ப் பெடல்களை எடுத்து வந்தார். ஆக்சிலேட்டருக்கு இந்தத் தடவை இரண்டு ஸ்பிரிங், ஒன்று அறுந்தாலும் ஒன்று இழுக்கும்படி. சுவிட்ச் என் இடது கைக்கு வந்தது. அந்த மாதம் பட்டறையிலிருந்து போன காலிபர் எல்லாவற்றிலும் எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன. பட்டை போட வேண்டிய இடத்தில் இரண்டு பட்டை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் காரை ரோட்டில் ஓட்ட முடியவில்லை. எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து மாடல் என்று கேட்கும் எந்தப் படிவத்தையும் அவரால் நிரப்ப முடியவில்லை. அவராலேயே அதை ஓட்ட முடியவில்லை என்பது இன்னொரு விஷயம். எல்லாம் என் அளவு. அவர் உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. ஆகவே வருஷத்தில் ஏரி காய்ந்திருக்கும் இரண்டு மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து வருவார். ஆறு கோடை இப்படிப் போனது. ஏரியைச் சுற்றி முடித்து, எப்படி இருந்தது என்று கேட்டால், "கிளட்ச்ல இன்னும் ஒரு நூல் கொறைக்கலாம்" என்பார்.

இரண்டாயிரத்து இரண்டில், மழைக்காலத்தில், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. சாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் காலிபரோடு வந்திருந்தார்கள். தெரு முழுக்க அந்தக் கம்பிச் சத்தம்.

அடுத்த வைகாசியில் அண்ணி போன் செய்தார். வேலூர் ஆள் இன்ஜினைக் கேட்டு வந்திருக்கிறாராம். "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி என்னை ஏத்திட்டுப் போ" என்றார்.

நாலு பேரை வைத்துத் தள்ளி ஏரிக்குள் இறக்கினோம். அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் ஓட்டினேன். பாதி ஏரியில் மலை எதிரே வந்ததும் அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க உக்காந்துதான் வருவாரா?"

"ஆமா அண்ணி."

"இங்கேர்ந்து மலை இவ்ளோ பெருசா தெரியுது. ஒரு நாள் கூட வந்து சொன்னதில்லையே."

"அவர் மலையைப் பாக்க மாட்டார் அண்ணி. என் காலைத்தான் பாத்துட்டு வருவார்."

அண்ணி தலையாட்டினார். காரைத் திருப்பினேன். கொஞ்ச தூரம் போனதும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என் காலைப் பத்தி எப்பனா சொல்லியிருக்காரா?"

காரை நிறுத்தினேன். சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை, பட்டறையில் ஒரு பட்டையைத் தைத்துக்கொண்டே, யாரும் கேட்காமல் சொன்னார். அதை அப்படியே அண்ணியிடம் சொன்னேன்.

"எங்க வீட்ல இடது குதிகாலைத் தரையில முழுசா வெக்க மாட்டாங்க, உள்ள ஏதோ பழைய அடின்னு சொன்னார். புதுச் செருப்பு வாங்குனா நீங்க பாக்காதப்ப எடுத்து, இடதுக்குள்ள ஒரு சன்னத் தோல் வெச்சு ஒட்டிடுவாராம். கேட்டா வலி இல்லன்னு சொல்லிடுவாங்க, அதனால கேக்கறதில்லன்னார்."

அண்ணி தன் இடது காலைப் பார்த்தார்.

"எட்டாவது படிக்கும்போது கெணத்துப் படியில விழுந்தேன்" என்றார் பிறகு. "பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிடுச்சு. அப்புறம் சொல்லவே இல்ல."

குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வலதுக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இடதுக்குள் வைத்து அழுத்தினார். மறுபடியும் வலது, மறுபடியும் இடது.

"போலாம்" என்றார்.

கரையில் காரை நிறுத்தியதும் அண்ணி இறங்கி, செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கொல்லி வழியாக வெறுங்காலோடு வீட்டைப் பார்த்து நடந்தார். இடது குதிகால் தரையில் முழுதாகப் படவில்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வந்தவள், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.